அடியேனும் அடிகளும்

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்ற பழமொழியை மேடையில் யாராவது எடுத்துவிட்டால், அடுத்து வரப்போவது என்ன என்று கேட்பவர்களுக்கே தெரியும். அது பிரம்படி இல்லை, ஆண்டவன் திருவடி என்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பிள்ளையை மிரட்டுகிற எந்த வீட்டிலும் அது பிரம்படியாகத்தான் புழங்குகிறது. பழமொழி அதன் இடத்திலேயே இருக்கட்டும். அதை வளைத்துத்தான் திருவடியைக் காட்ட வேண்டும் என்ற நிலையில் தமிழ் இல்லை.

‘அடி’ என்ற சொல்லின் புழக்கத்தைப் பார்த்தாலே போதும். மரத்தடி, அடிவாரம், அடிவயிறு, அடிநாக்கு, காபித் தம்ளரின் அடியில் தங்கும் அடிமண்டி என்று எதன் கீழ்ப்பகுதியும் அடிதான். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. செய்யுளின் ஒரு வரி அடி. இரண்டே அடியில் முடிவது குறள். மலையாளத்திலும் கன்னடத்திலும் அடி என்றே வழங்குகிறது, தெலுங்கில் அடுகு. திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழைய சொல் இது. காலைக் குறிக்கிற சொல்லே ஆதாரத்தையும் குறிப்பதால், ‘இறைவன் அடி’ என்று தமிழர் ஒருவர் சொல்லும்போது பாதமும் உலகத்தின் அடித்தளமும் ஒருசேர வந்துவிடுகின்றன. பாதம், சரணம் என்ற வடசொற்கள் வந்து நிலைத்த பிறகும் ‘திருவடி’ வழக்கொழியாததற்கு இது ஒரு காரணமாகலாம்.

திருக்குறளின் முதல் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கடவுள் வாழ்த்தில் 10 குறள்கள். அவற்றில் 7 குறள்கள் இறைவனின் பாதத்தைச் சொல்கின்றன. மூன்றில் அடி, நான்கில் தாள். முகத்தை வருணிக்கவில்லை, கையில் என்ன ஆயுதம் என்றும் சொல்லவில்லை. எந்தச் சமயத்தாரும் தம்முடையவர் என்று வள்ளுவரைச் சொந்தம் கொண்டாட முடிவதற்கு இதுவும் ஒரு வசதி. முகத்தையோ ஆயுதத்தையோ சொல்லியிருந்தால் அது இன்ன தெய்வம் என்று ஆகிவிடும். அடி எல்லோருக்கும் பொது.

அந்த அடியைத் தேடிப் போனவர்களின் கதை திருவண்ணாமலையில் நடக்கிறது. நெருப்புத் தூணாய் நின்ற சிவனின் முடியைத் தேடி பிரம்மன் அன்னமாய்ப் பறந்தார். அடியைத் தேடித் திருமால் பன்றியாய் மண்ணைக் குடைந்தார். இருவருக்கும் எட்டவில்லை. ஆனால் தேடாத ஒருவரிடம் அதே அடி தானாக வந்ததையும், அவர் அதை விலக்கிவிட்டுப் போனதையும் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது.

சுந்தரர் தில்லைக்குப் போகும் வழியில் திருவதிகை எல்லைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்குள் போகத் தயக்கம். உழவாரம் ஏந்தித் திருநாவுக்கரசர் கையால் தொண்டு செய்த ஊர். அந்த மண்ணைக் காலால் மிதிக்கலாமா? வெளியே சித்தவட மடத்தில் அடியார்களோடு படுத்துக்கொண்டார். நடு இரவில் கிழ வேதியர் ஒருவர் வந்து பக்கத்தில் படுத்து, சுந்தரரின் தலைமேல் காலை வைத்தார். ‘பெரியவரே, கால் என் தலைமேல் படுகிறதே’ என்றார் சுந்தரர். வயதாகிவிட்டது, திசை தெரியவில்லை என்று பதில் வந்தது. சுந்தரர் எழுந்து வேறு பக்கம் தலைவைத்துப் படுத்தார். அங்கேயும் கால் வந்தது. திரும்பத் திரும்ப இப்படியே நடக்க, பொறுமை இழந்து ‘யாரையா நீர்?’ என்று கேட்டார். ‘என்னைத் தெரியவில்லையா?’ என்ற கேள்வியோடு கிழவர் மறைந்தார். மண்ணைக் குடைந்தும் திருமாலுக்குக் கிடைக்காத அடி, தூக்கத்தில் தலைமேல் வந்து விழுந்திருக்கிறது. சுந்தரரோ இடம் மாறி மாறிப் படுத்திருக்கிறார். அடுத்தவர் தொண்டு செய்த மண்ணில் தன் கால் படக்கூடாது என்று ஒதுங்கியவரின் தலையில்தான் அந்தக் கால் பட்டது என்பதைச் சேக்கிழார் விளக்கிச் சொல்லவில்லை. கதையின் போக்கே அதைக் காட்டிவிடுகிறது.

நாவுக்கரசரோ அந்த அடியைக் கேட்டே வாங்கினார். திருச்சத்திமுற்றத்தில் ‘உன் பாதத்தை என் தலைமேல் வை’ என்று வேண்டினார். நல்லூருக்கு வா என்று பதில். அங்கே அது கிடைத்தது. கும்பகோணம் பக்கம் உள்ள அந்த நல்லூர்ச் சிவன் கோயிலில், பெருமாள் கோயில்களைப் போலவே பக்தர்களின் தலையில் பாதம் பொறித்த சடாரியை வைக்கிறார்கள். சிவன் கோயிலில் சடாரியா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு.

காரைக்கால் அம்மையாரின் விருப்பம் இன்னும் கடுமையானது. கயிலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்துபோனவர் அவர். என்ன வேண்டும் என்று சிவன் கேட்டபோது, நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்றார். அதற்கான இடமாகத் திருவாலங்காடு அமைந்தது.

அடியின் கீழ் இருப்பவர் அடியார். தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் அடியேன். சுந்தரர் பின்னாளில் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை முழுக்கவே இந்தச் சொல்லின்மேல் நிற்கிறது. 11 பாட்டுகளில் 60 தனியடியார்களையும் 9 தொகையடியார்களையும் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தான் அடியேன் என்கிறார். சுந்தரரையும் அவருடைய தாய் தந்தையரையும் சேர்த்து 63 நாயன்மார் கணக்கு வந்தது.

இதே வேர்தான் உச்சத்து மரியாதைச் சொல்லையும் தந்திருக்கிறது. இளங்கோவடிகள், வாதவூரடிகள். 1916-இல் சுவாமி வேதாசலம் தம் பெயரைத் தனித்தமிழாக்கினார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று; உடையவர், தலைவர் என்று பொருள்படும் ‘சுவாமி’ இருந்த இடத்தில் ‘அடிகள்’ வந்தது. தலைவரைச் சொல்லப் பாதத்தின் பெயர்!

பக்தியில் இப்படி இனிக்கிற சொல் வெளியே எல்லா இடத்திலும் இனிக்கவில்லை. ‘அடிமை’யும் இதே வேரில் முளைத்ததுதான். ஒடுக்கப்பட்ட சாதியார் மேல்சாதியார் முன் ‘நான்’ என்று சொல்ல முடியாமல் ‘அடியன்’ என்று சொல்ல வேண்டிய காலம் கேரளத்தில் இருந்தது. வயநாட்டில் அடியர் என்றே அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில் அவர்களை விலைபேசி வருஷக் கணக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தெய்வத்தின் முன் ஒருவர் விரும்பிச் சொல்லிக்கொள்கிற சொல்லை, கோயில் வாசலிலேயே இன்னொருவர்மேல் சுமத்தியிருக்கிறார்கள். திருவடிப் பெருமை பேசும் மேடைகளில் இதையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஓர் இடத்தில், அடியாருக்கு அடியார், அவருக்கும் அடியார் என்று இறங்கிக்கொண்டே போய்த் தன்னைக் கடைசிப் படியில் வைக்கிறார். அங்கே சாதி கேட்கப்படுவதில்லை. வைணவக் கோயில்கள் இந்த வரிசையை நடைமுறையாகவே ஆக்கிவைத்திருக்கின்றன. பெருமாளின் பாதம் பொறித்த சடாரிக்குச் சடகோபம் என்று நம்மாழ்வாரின் பெயர். ஆழ்வார்திருநகரியில் அந்த நம்மாழ்வாரின் சடாரிக்கு இராமானுசம் என்று பெயர். இராமானுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் அவருடைய சடாரியின் பெயர் முதலியாண்டான். முதலியாண்டான் இராமானுசருக்கு மருமகன் முறை, சீடரும்கூட. அங்கே வரிசையில் நின்று தலை குனிகிறவருக்கு அர்ச்சகர் சாதிப்பது அவரைத்தான்.