இலையும் பந்தியும்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. மேற்கே குற்றால மலை முகிலைப் போர்த்தி நிற்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் மக்கள் வெள்ளம் அருவி வெள்ளத்தோடு போட்டியிடுகிறது. சீமானும் வருகிறார், சுமை தூக்குபவரும் வருகிறார். தலையைக் கொடுத்தவர் எவராயினும் அருவி ஒரே வேகத்தில்தான் விழுகிறது. குலம் கேட்டுக் குளிர்ச்சியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

அந்தக் கூட்டத்தைச் சற்று உற்று நோக்குங்கள், தோழர்களே! ஒருவர் உடலெங்கும் எண்ணெய் வழியப் படுத்துக் கிடக்கிறார். தேய்ப்பவர் கைபட்டால் பத்தாண்டு மூட்டுவலி பறந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அடுத்தவரோ எண்ணெய் என்றாலே எட்டி நிற்பவர், சளி பிடிக்குமாம். ஒருவர் குளித்த ஈரம் உலருமுன் பிரானூர் எல்லைக்கு ஓடி, புரோட்டாவையும் கோழியையும் ஒரு கை பார்க்கிறார். இன்னொருவர் வெங்காயமும் தொடமாட்டார். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டிக் கூட்டம். சபரிமலை செல்லும் வழியில் நோன்போடு வந்து நீராடிப் போகிறது. கடைவீதியில் ஒருவர் மங்குசுத்தான் பழத்தைப் பிளந்து சுவைக்க, பக்கத்தில் மற்றொருவர் மூலிகைப் பொடிக்கு விலை பேசுகிறார்.

இவர்களுள் யார் செய்வது சரி?

நம் போன்ற இளைஞர்க்கு உடனே நாக்குத் துடிக்கும். நோன்பு ஏன்? பொடி ஏன்? வெங்காயம் செய்த குற்றம் என்ன? கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கேள்வியை அஞ்சுபவன் பகுத்தறிவின் பக்கத்தில்கூட வரமுடியாது. ஆனால், கேள்வி எந்த இடத்தில் கேலியாகிறது, கேலி எந்த இடத்தில் கட்டளையாகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நண்பன் புலால் உண்ணாதவன் என்றறிந்ததும் அவன் இலையில் ஒரு துண்டை வலிய வைத்துவிட்டு, “சாதித் தடையை உடைத்தோம்” என்று கைதட்டும் வீரர்களை நாம் பார்த்திருக்கிறோம். உடைந்தது தடையா? அன்று, ஒரு நண்பனின் மனம்!

“எல்லாம் உன் நன்மைக்குத்தான்!” வைதிகத்தின் கிடங்கில் இதைவிடப் பழைய ஆயுதம் இல்லை. கைம்பெண்ணின் தலையை மழித்தவன் அவள் நன்மைக்கென்றே மழித்தான். பெண்ணுக்கு ஏட்டை மறுத்தவன் அவள் நன்மைக்கென்றே மறுத்தான். அதே சொல்லை நாம் எடுத்துக்கொண்டு, உண்மை நம் பக்கம் இருக்கிறது என்ற துணிவில் அடுத்தவர் சமையலறைக்குள் நுழைந்தால், சட்டாம்பிள்ளை மாறினானே தவிரப் பிரம்பு மாறவில்லை என்றுதானே பொருள்? ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-இல் வெளியிட்ட விடுதலை பற்றிய நூலில், ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தச் சமூகத்துக்குள்ள ஒரே நியாயம் பிறர்க்கு நேரும் தீங்கைத் தடுப்பது என்று வாதிட்டார். அவனுடைய சொந்த நன்மை என்பது அதற்குப் போதிய காரணம் ஆகாது என்றார்.

கேட்பதற்கு எளிது. ஆனால் தமிழ்நாட்டில் இந்த நியாயத்தை நமக்கு எதிராகவே திருப்பிய கதை ஒன்று உண்டு. அதுவும் நம் வாசலுக்கு அருகிலேயே!

தென்காசியில் நெல்லை இரயில் ஏறினால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி கடந்து சேரன்மாதேவி வரும். அங்கே 1922-இல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் அமைத்தார். நாட்டுப்பற்றும் தமிழும் ஊட்டுவது நோக்கம். காங்கிரசின் பொதுப்பணமும் அதற்குச் சென்றது. ஆனால் உண்ணும் வேளையில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியிடம், மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடம் என்ற செய்தி வெளிவந்தது. டாக்டர் வரதராசுலுவும் பெரியாரும் கொதித்தெழுந்தனர். 1925-இல் அது நாடறிந்த போராயிற்று.

குருகுலத்தின் சார்பில் சொல்லப்பட்ட விடை என்ன தெரியுமா? பெற்றோரின் விருப்பம்! சில பெற்றோர் தம் பிள்ளைகள் தனித்து உண்ணவேண்டும் என்கிறார்கள். அவர்கள் மனத்தைப் புண்படுத்தலாமா? காந்தியாரும், முன்னரே சேர்ந்துவிட்ட பிள்ளைகள் அளவில் அந்த மனத்தடையை மதிக்கலாம், இனிச் சேர்வோர்க்குச் சமபந்தியே என்ற பொருளில் சமரசம் சொன்னார். பார்த்தீர்களா? தனிமனித விருப்பம், பிறர் பழக்கத்துக்கு மதிப்பு என்ற நல்ல சொற்கள் எந்த வேலைக்கு ஆட்படுத்தப்பட்டன என்று! (ஐயரைக் கயவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் துணியமாட்டோம். அவர் 1925 சூனில், பாபநாசம் அருவியில் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர்விட்டவர். நல்லவர்களும் காத்த வழக்கம் அது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.)

அந்தப் பெற்றோரின் விருப்பம் எத்தகையது? “என் பிள்ளை கத்தரிக்காய் உண்ணமாட்டான்” என்று அவர்கள் கேட்டிருந்தால் எவரும் குறுக்கே நின்றிருக்கமாட்டார். அவர்கள் கேட்டது பிள்ளையின் இலையில் என்ன விழவேண்டும் என்பதன்று. பக்கத்து இலையில் யார் அமரக்கூடாது என்பது! முன்னது தன் வயிற்றைப் பற்றிய முடிவு. பின்னது அடுத்தவன் பிறப்பைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்பைப் பழக்கம் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் அதற்கு மதிப்பளிக்க நாம் கடமைப்பட்டவர்களல்லர். அன்று அந்தப் பந்தியில் ஒதுக்கப்பட்ட சிறுவனின் மனத்தைப் புண்படுத்தலாமா என்று யார் கேட்டார்கள்?

இதற்கு எதிரான காட்சியை நம் பள்ளிகளில் நாள்தோறும் காண்கிறோம். 1956-இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவு, 1982-இல் சத்துணவாக வளர்ந்தது. 1989 முதல் அதில் முட்டையும் சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. நாம் தட்டுகளின் நடுவே நடந்துபோகிறோம். ஒரு தட்டில் முட்டை, அடுத்த தட்டில் பழம். இரு பிள்ளைகளின் முழங்காலும் இடிக்கின்றன. பழத்தில் பாதி அங்கே போகிறது, முட்டைக்காரன் கதை இங்கே வருகிறது. “நீ ஏன் உண்பதில்லை?” என்று எந்த ஆசிரியரும் விசாரணை நடத்துவதில்லை. சேரன்மாதேவியில் இல்லாதது எதுவோ, அது இந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறது.

ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்ததும், பெருநகரில் வேலை கிடைத்த நம் இளைஞன் வீடு தேடி அலையும்போது, “சைவர்களுக்கு மட்டும்” என்ற அட்டை வரவேற்கிறது. வீட்டுக்காரர் சைவம் உண்ணட்டும், நூறாண்டு வாழட்டும். வாடகையும் முன்பணமும் வாங்கிக்கொண்ட வீட்டில் இன்னொருவன் கொதிக்க வைக்கும் குழம்பை மோப்பம் பிடிப்பது எந்த வகைச் சைவம்? பல இடங்களில் அந்த அட்டை உணவை விசாரிப்பதுபோல் சாதியையும் மதத்தையும் விசாரிக்கிறது என்பதை வீடு தேடியவர் எல்லாரும் அறிவர்.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். பெரியார் கருத்தடையை வற்புறுத்தியபோது, 1930-களிலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார். பெண்ணின் உடல்நலம், குடும்பத்தின் பொருள்நிலை, நாட்டின் மக்கள்தொகை என்று மற்றவர் காரணம் கூறினர். அவரோ பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். அவள் உடல், அவள் முடிவு. பின்னர் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஆகிய ஓராண்டில் மட்டும் நாடெங்கும் ஏறத்தாழ 80 இலட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. ஏழைகள் மிரட்டப்பட்டனர், வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்க்குக்கூட ஆள் பிடித்துவரும் இலக்கு விதிக்கப்பட்டது. நம் தொழிலுக்கு அதைவிட இழிவு நேர்ந்ததுண்டா? சிறு குடும்பம் என்ற குறிக்கோள் ஒன்றே. மருத்துவரின் கத்தியும் ஒன்றே. ஆனால் கேட்டுப் பெற்றவளுக்கு விடுதலையாக இருந்தது, பிடித்து இழுக்கப்பட்டவனுக்கு அடிமைத்தனமாயிற்று. நல்லது என்பதாலேயே திணிக்கலாம் என்பாரிடம் இந்த ஓராண்டைக் காட்டினால் போதும்.

விருப்பம் என்ற சொல்லையும் சோதிக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை நோன்பிருக்கும் ஒரு தாய், “எனக்கு இதில் ஓர் அமைதி” என்றால், அந்த அமைதியைக் குலைக்க நமக்கு உரிமை இல்லை. அதே தாய், நோன்பிருக்காவிட்டால் மாமியார் முகம் சுளிப்பாள், கணவனுக்கு ஆகாது என்று ஊர் சொல்லும் என்று அஞ்சிப் பட்டினி கிடந்தால்? அது விருப்பமன்று, விருப்பத்தின் சேலை கட்டிய கட்டாயம். இரண்டையும் வெளியே நின்று பிரித்தறிய முடியாது. அவளிடம் பேசவேண்டும், பேசுவதைவிட, கேட்கவேண்டும். “இன்று உண்டால் உன்னை யாரேனும் கடிந்துகொள்வார்களா?” என்ற ஒரு கேள்வி, நோன்பைப் பழித்து நாம் ஆற்றும் ஒரு மணிநேரச் சொற்பொழிவைவிட அதிகம் சொல்லித்தரும்.

அப்படியானால் எவரும் எதையும் செய்யலாமா? அருவிக்கரைக்கே திரும்புவோம். என் தலை, என் எண்ணெய் என்பது சரி. ஆனால் அந்தத் தலையிலிருந்து வழியும் எண்ணெயும் சோப்பு நுரையும் என்னோடு நின்றுவிடுவதில்லை. சிற்றாற்றில் கலந்து கீழே போகின்றன. அங்கே ஆடுமாடு குடிக்கிறது, வயல் குடிக்கிறது. அதனாலேயே அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாதென்று நீதிமன்றத் தடை உண்டு. தேய்த்துக்கொள்வதைத் தடுப்பது மூக்கை நுழைத்தல். ஆற்றில் கழுவிவிடுவதைத் தடுப்பது காவல். அதுபோலவே, வெள்ளம் சீறும்போது கயிறு கட்டிக் குளியலை நிறுத்தும் காவலரிடம் “என் உயிர், என் விருப்பம்” என்று வாதாடுவோர் உண்டு. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோயிற்று. அருவியின் அடியில் நிற்பவனுக்கு மலைமேல் பெய்யும் மழை தெரியாது. தெரியாத ஆபத்தில் நிற்பவனை இழுத்து நிறுத்துவது அவன் விருப்பத்தை மிதிப்பதாகாது. நுழைந்து தேடப்போகிறவனுக்கும் ஓர் உயிர்தானே இருக்கிறது!

தடுப்பூசியும் இப்படித்தான். பெர்னாட்சா நம் மேடைகளில் மாலை பெறும் அறிஞர். புலால் உண்ணாதவர், மது தொடாதவர். அவை அவர் பாடு. அம்மைத் தடுப்பூசியையும் அவர் எதிர்த்தார். அது அவர் பாடு மட்டுமன்று. மாரியாத்தாளின் சீற்றம் என்று நம்மவர் நடுங்கிய பெரியம்மை, 1975-க்குப் பின் இந்நாட்டில் தலைகாட்டாமல் போனது ஊசியால்தான். என் உடலில் நான் வளர்க்கும் தொற்று அடுத்த வீட்டுத் தொட்டிலை எட்டும் என்றால், அங்கே என் விருப்பம் தனி விருப்பமாக இருப்பதில்லை.

கடினமான இடம் எது தெரியுமா? தீங்கு முழுவதும் தனக்கே என்ற நிலையில் ஒருவர் அறிந்தே தவறு செய்யும்போது! தென்காசியில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுத்தர். சர்க்கரை நோய். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு கசாயத்தைக் குடிக்கிறார். கசாயம் விற்றவன், மூன்றே மாதத்தில் நோய் வேரறும் என்றானாம். நோயைத் தீர்ப்பதாக இப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் சட்டமே தடுக்கிறது. சர்க்கரை நோய் அதன் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறது. ஆகவே விற்பவனோடு நமக்குச் சண்டை உண்டு. பொய்யைக் கேட்டு எடுத்த முடிவு முழு விடுதலையில் எடுத்த முடிவன்று. அந்தப் பொய்யை வீதியில் நின்று உடைக்க நாம் பின்வாங்குவதில்லை. குடிப்பவரோடு என்ன சண்டை?

உறவினர்கள் அவரைக் குழந்தைபோல் அதட்டுகிறார்கள். குவளையைப் பிடுங்கிக் கொட்டியும் பார்த்தார்கள். விளைவு, அவர் இப்போது ஒளித்துவைத்துக் குடிக்கிறார். காலில் வந்த புண்ணையும் சேர்த்து ஒளிக்கிறார். நாம் அவரிடம் அறிந்ததை அறிந்தபடியே சொன்னோம்: சர்க்கரை கட்டுப்படாவிட்டால் கண்ணும் சிறுநீரகமும் காலும் என்னாகும் என்று ஒளிக்காமல் சொன்னோம். “அய்யா, கசாயம் வேண்டுமானால் குடியுங்கள், மாத்திரையை விடாதீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அரசு மருத்துவமனைக்கு உடன் வருகிறோம்” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வேட்டியை விலக்கிப் புண்ணைக் காட்டினார். மருந்து கட்டிக்கொள்ள நம்மோடு வந்தார். மாத்திரைக்கு இன்னும் இசையவில்லை. ஞாயிறுதோறும் நாம் போகிறோம். புண் எப்படி என்று முதலில் கேட்கிறோம், மாத்திரையைப் பற்றிப் பிறகு.