உடைந்த இரண்டு

கிரேக்கக் கரையோரம் பாவ்லோபெட்ரி என்று ஒரு பழைய ஊர் தண்ணீருக்குள் கிடக்கிறது. தெருவும் வீடும் கல்லறையும் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில். 1967 இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். கடல் விழுங்கும் கட்டடத்தைப் பார்க்க ஆசையா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கையின் மன்னார்ப் பக்கம் முருங்கனில் இறங்கி, கட்டுக்கரைக் குளத்தைப் பார்த்துவிட்டு, அரிப்புக்கு வாருங்கள்.

அங்கே கிரேக்கப் பாணித் தூண்களோடு ஒரு மாளிகை கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். எந்த ராணியும் அங்கே இருந்ததில்லை. கட்டியவர் இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வந்தால் தங்குவதற்கு! செங்கல் தூண்கள்தான், சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பூசிச் சலவைக்கல் போல மினுக்கிவிட்டார்கள். பிறகு முத்து ஓய்ந்தது. மாளிகையை யாரும் தேடவில்லை. இப்போது கடல் மட்டும் தவறாமல் வருகிறது.

வந்த வழியில் பார்த்த குளமும் ஒருகாலம் பாழ்தான். பழைய அரசர்கள் கட்டிய பெருங்குளம், கட்டு உடைந்து, காடு மண்டி, நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தது. மாளிகையை விட மோசமான நிலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது எழும்பியது. அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே தண்ணீரைத் திருப்பினார்கள். அன்றிலிருந்து காலபோகத்துக்குத் துருசு திறக்கிறது. மன்னார் வயல்களில் நெல் விளைகிறது. கட்டில் கசிவு கண்டால் ஊர் சும்மா இருக்காது. அது அவர்களுடைய சோறு.

மாளிகையைக் கட்டிய அரசாங்கமேதான் குளத்தையும் திருத்தியது. பணமும் இருந்தது, ஆளும் இருந்தது. மாளிகை விழுந்தது கல் பலமில்லாததால் அல்ல; அதற்காகப் பசித்திருந்தவர் யாரும் இல்லை.

நீங்களும் இன்று ஏதோ ஒன்றைக் கைவிடும் யோசனையில் இருக்கலாம். பாதியில் நின்ற படிப்பு, பேச்சு முறிந்த உறவு, பூட்டிக் கிடக்கும் கடை. எவ்வளவு உடைந்திருக்கிறது என்ற கணக்கைப் பிறகு போடுங்கள். அது இல்லாமல் யாருக்குப் பசிக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். ஒருவருக்குமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. ஒருவர் இருந்தாலும் இன்றைக்கே ஒரு கூடை மண் போடுங்கள்.

அரிப்புக்குப் போவதென்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மிஞ்சியிருக்கும் சுவர் கொஞ்சம்தான். குளத்தை அடுத்த வருடமும் பார்க்கலாம்.