யாருடைய மனிதர்?

பணம் படைத்தவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். இது பழைய சங்கதி. அந்த நாலு பேரில் ஒருவரைப் பாங்கியே சம்பளம் கொடுத்து அனுப்பி வைக்கிறது என்பதுதான் புதிய சங்கதி.

1969 ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய பாங்கிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பாங்கியில் சேரும் பணம் ஊராருடையது, அது சில முதலாளிகளுக்கு மட்டும் பயன்படக் கூடாது என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். கிராமங்களில் கிளைகள் திறந்தன. குடியானவரும் சிறு கடைக்காரரும் கடன் கேட்டு உள்ளே நுழைந்தார்கள். 1991-க்குப் பிறகு காற்று திசை மாறியது. புதிய தனியார் பாங்கிகள் வந்தன. தேசத்தில் செல்வர்களும் பெருகினார்கள். அவர்களுக்கென்று தனி அறை, தனி உபசாரம், தனி அதிகாரி என்று ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. 2014-இல் வந்த ஜன் தன் திட்டத்தில் கையில் காலணா இல்லாதவரும் கணக்குத் திறக்கலாம். அவர் வரிசையில் நிற்கிறார். செல்வருக்கு உள்ளே காபி வருகிறது.

இதைக் கண்டு பொறாமைப்பட்டு நான் எழுதவில்லை. பணம் அதிகமானால் கவலையும் அதிகம். நல்ல யோசனை சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி கொடுப்பதில் தவறே இல்லை. என்னை உறுத்துவது வேறு.

அந்த அதிகாரிக்கு 'ரிலேஷன்ஷிப் மானேஜர்' என்று பெயர். அதாவது, உறவை நிர்வகிப்பவர்! தீபாவளிக்கு இனிப்போடு வருகிறார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அமெரிக்காவில் இருக்கும் பேரனின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் படியளப்பது பாங்கி. இந்த மாதம் இத்தனை பத்திரம், இத்தனை இன்ஷூரன்ஸ் விற்றாக வேண்டும் என்று அவர் தலைமேல் ஒரு கணக்குத் தொங்குகிறது. அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் வீட்டுக் கடன் உண்டு. ஆனால், வைத்தியரே மருந்துக் கடைக்காரராகவும் இருந்தால், நாம் விழுங்குவது நம் நோய்க்கான மருந்தா, அவர் அலமாரியில் தேங்கிய மருந்தா?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எஸ் பாங்க் என்ற தனியார் பாங்கி ஒருவகைப் பத்திரங்களை வெளியிட்டது. வட்டி அதிகம். ஆனால் முதலைத் திருப்பித் தரக் குறித்த தேதி கிடையாது. பாங்கி தள்ளாடினால் முதலே இல்லையென்று ஆகிவிடலாம். பெரிய நிறுவனங்களுக்கு ஏற்ற இந்தச் சரக்கு, 1,300-க்கு மேற்பட்ட தனி மனிதர்களின் கைக்குப் போயிற்று. அவர்களில் 277 பேர் தங்கள் டெபாசிட்டைத் தவணைக்கு முன்பே எடுத்து இதில் போட்டார்கள். 'சூப்பர் எஃப்.டி.' என்று சொல்லி விற்றதாகச் செபி விசாரணையில் தெரிந்தது. 2020 மார்ச்சில் பாங்கி தள்ளாடியது. சுமார் 8,400 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. 2021 ஏப்ரலில் செபி 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. செல்வர்களைக் கவனிக்கும் பிரிவின் தலைவருக்கும் தனியே விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் நடந்தது.

பணக்காரர் பணம் போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெறும் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிடியும் கணக்கில் விழுகிற அன்று அவரும் பாங்கியின் கண்ணுக்குச் செல்வர்தான். அன்றுதான் அவருக்கு முதல் காபி வருகிறது. அதுவரை அவரை யாரும் "உட்காருங்கள் சார்" என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர் மனம் இளகிவிடுகிறது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். பெருஞ்செல்வர் ஒன்றை இழந்தால் இன்னொன்று இருக்கும். இவருக்கு இது ஒன்றுதான்.

நஷ்டம் இவருக்கு மட்டும் அல்ல. அன்பாகப் பேசுவதையே விற்பனை உத்தியாகப் பழகிய அந்த இளைஞன், நாளை தன் சொந்தச் சித்தப்பாவிடம் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கும்போது, அந்தக் கேள்வியை அவனாலேயே நம்ப முடியுமா?

கூலி வாங்கி யோசனை சொல்பவர், அதே வாடிக்கைக்காரருக்குக் கமிஷன் வாங்கிச் சரக்கும் விற்கக் கூடாது என்று 2020-இல் செபி விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் காபிக் கோப்பைக்கும் முழங்கால் விசாரிப்புக்கும் எந்தச் சட்டமும் வரம்பு கட்ட முடியாது.

நம் மொழியில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்தான். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். "தம்பி, இதை நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தயங்காமல் உள்ளதைச் சொல்லும் பிள்ளையானால், அவரோடு உட்கார்ந்து இன்னொரு காபி சாப்பிடலாம்.