மறுநடவும் கணினியும்

மூத்துப்போன பொருளை மேலும் சில காலம் பேணி வைத்துக்கொள்வதா, களைந்துவிட்டுப் புதியது கொள்வதா என்னும் வினா சிறியதாகத் தோன்றும். பேராக் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு அது சிறிய வினாவாக இருந்ததில்லை. 1877இல் நடப்பட்டதாகப் போற்றப்படும் ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கின்றது. தோட்டத்துப் பால்மரத்துக்கு அத்தகைய ஆயுளை எவரும் வழங்கவில்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறையும். வெட்டுவதென்று முடிவான மரத்தைக் கடைசிக் காலத்தில் பட்டையைப் பற்றிய கவலையின்றி மேலும் கீழுமாகச் சீவி, எஞ்சிய பாலையெல்லாம் எடுத்துவிடுவர். பிறகு மறுநடவு. புதுக்கன்று பால்தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை சீவுவோருக்கு வேலை எங்கே? பல தோட்டங்களில் மறுநடவில் வந்தது ரப்பரும் அன்று, செம்பனை. அதற்கு வேண்டிய கைகள் குறைவு. மரத்தை மாற்றத் தீர்மானித்தவர் ஒருவர். அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

அத்தோட்டங்களை விட்டு ஈப்போவின் புறநகர்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வினாவை வேறொரு பொருளை முன்வைத்து எழுப்புகின்றனர். கணினி விளையாட்டில் நாட்டமுள்ள இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய பொறி 2017இல் வாங்கியது. புதிய விளையாட்டுகளில் காட்சி திணறுகின்றது. போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திற்று. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி அல்லது அதற்குப் பிந்தியது. அவனிடம் இருப்பது ஏழாம் தலைமுறை. ஓடிக்கொண்டிருக்கும் பொறியை ஓர் அறிவிப்பு கிழமாக்கிவிட்டது. மரத்தின் முதுமை அதன் பட்டையில் தெரியும். பொறியின் முதுமையில் பாதி வேறெங்கோ எழுதப்படுகின்றது.

உறுப்புகளை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்கலாம். ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டுதலை அறிந்தவர்க்கு இது புதிய கருத்தன்று. விதையில் முளைத்த வேர்க்கன்றின்மேல் உயர்விளைச்சல் மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுவர். வேர் பழையது, மரம் புதிது. ஆனால் அது இளங்கன்றில் செய்யும் வேலை. கணினிக்கும் அத்தகைய எல்லை உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 தாய்ப்பலகையை 2017இல் வாங்கியோர் பலர், 2022இல் வெளிவந்த செயலியை அதே பலகையில் பொருத்த முடிந்தது. இன்டெல் பலகைகள் பெரும்பாலும் இரண்டு தலைமுறைகளோடு கதவை அடைத்துக்கொண்டன. அத்தகைய பலகையில் விலையுயர்ந்த வரைகலை அட்டையைச் செருகினால், மெதுவான செயலி அதன் ஆற்றலைக் கட்டிப்போடும். சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. வைத்தால் சிறு செலவில் விரைவு கிட்டும். விளையாட்டின் திணறல் முழுதும் தீராது. இவ்வளவும் கணக்கு. கடைக்காரரே சொல்லிவிடுவார்.

கணக்கு சொல்லாதது ஒன்றுண்டு. விளையாட்டு என்பதாலேயே இதனைப் பழிப்பது மூத்தோர் பலரின் வழக்கம், அது நியாயமன்று. பந்தாட்டக் காலணி வாங்கித் தரும் தந்தை கணினிக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? ஆயினும் இரண்டின் விலையும் ஒன்றன்று. தந்தை மிகைநேரம் உழைத்துத் தரும் பணத்தில், பழையது பயனற்றது என்று மகன் தீர்ப்பளித்தால், தீர்மானிப்பவரும் விலை கொடுப்பவரும் மீண்டும் வேறு வேறாகின்றனர். பாட்டனுக்குத் தோட்டத்தில் நேர்ந்ததன் சிறு வடிவம் வீட்டுக்குள் நுழைகின்றது. தானே ஈட்டி வாங்குபவன்மேல் இக்குற்றம் சாராது. அவனும் பதில் கூற வேண்டிய வினா ஒன்று உண்டு: கழித்த பொறி எங்கே போகும்?

அதன் பலகையில் உறுப்புகளைப் பற்றவைத்திருக்கும் பொருளின் பெரும்பகுதி வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணைத் தோண்டி உலகுக்கு அனுப்பிய அதே உலோகம். அம்மண்ணை வாரிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் மிதவைப்பொறி 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. இன்றைய பொறிகளுக்கு அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22.3 பங்கே. பழஞ்சொற்கள் மறைவதும் புதியவை சேர்வதும் மொழிக்குக் குற்றமாகா என்று நன்னூலார் விதித்தார். அவ்விதியைப் பொருள்களுக்கும் பொருத்துவோர் ஒன்றை மறக்கின்றனர். வழக்கொழிந்த சொல் எவருடைய ஊரிலும் குப்பையாகக் குவிவதில்லை.

தங்கைக்குக் கொடுத்துவிடலாமே என்பர். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பொறியை அப்படியே கொடுப்பது கொடையன்று. குப்பையை வீட்டின் இன்னோர் அறைக்கு மாற்றுவதே. தட்டைத் துடைத்து, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எழுதவும் படிக்கவும் ஏற்றதாக்கித் தந்தால் அது வேறு. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்; தங்கைக்கு அதைப் பழக்கிக் கொடுக்க இன்னொன்று.