முன்பணம் யாருடையது?

வீடு கட்டி வாடகைக்கு விடுவோர் நம்மில் பலர் உளர். குடித்தனக்காரரிடம் பெறும் முன்பணம் நம் கையில் இருப்பதாலேயே நமதாகிவிடுமா?

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுநாள் வழக்கம். வாடகை 12,000 ரூபாயெனில், நான்கு வீடுகளுக்கு முன்பணம் 4,80,000 ரூபாய். அத்தொகையைக் கண்டதும் புதுமனைக்கு அச்சாரம் கொடுக்க நெஞ்சம் விழைகிறது. மனையோ நினைத்தபோது விலைபோகாது. ஒருவர் காலி செய்தால், "அடுத்த ஆள் வரட்டும், தருகிறோம்" என்கிறோம். அவரோ அத்தொகையை நம்பியே வேறு வீடு பேசியிருப்பார். நம் ஆசைக்கு வட்டி கட்டுபவர் அவரே.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. சட்டம் அளவைச் சொல்லும், மனத்தை அளக்காது.

அடைக்கலப் பொருளை அபகரித்தலைத் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமையின்கீழ் வைக்கவில்லை. வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் வைத்தது. ஏன்? வாங்கும்போதே "திருப்பித் தருவோம்" என்று சொல் கொடுத்துவிட்டோம் அன்றோ! நாள் கடத்துவது அச்சொல்லைப் பொய்யாக்குவதாகும்.

"பணம் சும்மா கிடக்கலாமா?" என்பர் சிலர். தனிக் கணக்கில் வைப்பாக இடுவோம். வட்டியும் வரும், கேட்டபோது கைக்கும் வரும். வாடகையிலும் சொத்துவரி, பழுதுபார்ப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கியபின் எஞ்சுவதே வருவாய். அவ்வருவாயில் மனை வாங்குவோம். அது தாமதமாக வந்தாலும் உறக்கத்தைக் கெடுக்காது.