முன்பதிவு

விதைநெல்லை உண்ணாமல் காத்து வைத்தவனே உலகின் முதல் திட்டக்காரன். பசித்த வயிற்றுக்கு முன்னே நெல் இருந்தும் அடுத்த பருவத்தை எண்ணிக் கையை மடக்கிக்கொண்டான் அவன். அவன் வழிவந்த நாம் இன்று விதைநெல்லைக் காப்பதில்லை, பயணச்சீட்டைக் காக்கிறோம். அடுத்த விடுமுறையில் புறப்படப் போகும் வண்டிக்கு இன்றே பணம் கட்டி இடம் வாங்கி வைக்கிறோம். எளிய செயல்தான். ஆயினும் அதனுள் ஓர் அறவினா அடங்கியுள்ளது என்பதை நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு அண்மையில் உணர்ந்தேன்.

நண்பர் ஜொகூர் பாருவில் தமிழாசிரியர், பெருஞ்செல்வர் அல்லர். பள்ளி விடுமுறையில் மனைவியோடும் பிள்ளைகள் இருவரோடும் தொடர்வண்டியிலேயே லாவோஸ் நாட்டின் தலைநகராகிய வியந்தியான் வரை சென்று வர விரும்பினார். இன்று அது இயலாத ஆசையன்று. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர். அங்கிருந்து மின்தொடர்வண்டியில் எல்லை நிலையமாகிய பாடாங் பெசார். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். அங்கே தாய்லாந்து வண்டியில் ஏறி ஓர் இரவு படுத்துறங்கினால் மறுநாள் பேங்காக். பேங்காக்கிலிருந்து வியந்தியானுக்கு 2024 ஜூலையில் நேரடி இரவு வண்டி தொடங்கப்பட்டது. அதற்கு மேலும் ஆவல் உள்ளவர், 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய பாதையில் சீனத்தின் கூன்மிங் நகர் வரையிலும் போகலாம்.

நண்பர் இரண்டு திங்கள் திட்டமிட்டார். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்கென வகுக்கப்பட்டவை அவை. ஆனால் குறைந்த செலவில் நாடு கடக்க எண்ணும் குடும்பத்தலைவனுக்கு அவற்றினும் பொருத்தமான வரிசை வேறில்லை என்று அவர் நகைச்சுவையாகச் சொல்வார். எதைச் செய்வது, நம் பணப்பையின் வலிமை என்ன, எந்த நாளில் புறப்படுவது, எந்த ஊரில் தங்குவது என்பவைதாமே பயணத்திட்டம்!

அவர் கற்றுக்கொண்டவை பல. தாய்லாந்தின் கடிகாரம் நம்முடையதினும் ஒரு மணி பின்தங்கியது. 1982 சனவரியில் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் தம் கடிகாரங்களை அரைமணி முன்தள்ளிய பின் ஏற்பட்ட இடைவெளி இது. இதை மறந்தவர் எல்லையில் வண்டியைத் தவறவிடக்கூடும். படுக்கை வண்டியில் கீழ்ப்படுக்கையைவிட மேற்படுக்கை மலிவு. பகலில் போய் விடுதிக்குப் பணம் தருவதைவிட இரவு வண்டியில் உறங்கிக்கொண்டே போவது சிக்கனம். வியந்தியானுக்கு அப்பால் பாதையின் அகலமே மாறுகிறது. ஒரு மீட்டர் அகலப் பாதை முடிந்து 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை தொடங்குகிறது. வண்டி மட்டுமன்றி நிலையமும் மாறவேண்டும். இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு செய்தி வந்தது. அவரை வளர்த்த அத்தை தைப்பிங்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். உடனடி ஆபத்து இல்லை என்றனர் மருத்துவர். நண்பர் எண்ணிப் பார்த்தார். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். முடிவைத் தந்தது மருத்துவர் சொல் மட்டுமன்று; பெட்டியில் இருந்த சீட்டுகளும்தாம். “அத்தையை ஒரு தட்டிலும் நான்கு படுக்கைகளை மறு தட்டிலும் வைத்து நிறுத்தேன். நிறுத்தது தவறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

பாடாங் பெசாருக்குச் செல்லும் வண்டி தைப்பிங் வழியாகத்தான் செல்லும். வண்டி நிலையத்தில் நின்றது. நண்பர் எழுந்தார், பைகளை இறக்கினார், மனைவி ஒன்றும் கேளாமல் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினார். அன்று மாலை பாடாங் பெசாரிலிருந்து புறப்பட்ட வண்டியில் நான்கு படுக்கைகள் வெறுமையாகச் சென்றன. அத்தை ஒரு வாரத்தில் நலம்பெற்று வீடு திரும்பினார். “பணம் வீணாகப் போயிற்றே!” என்று வருந்தினார் உடன் பணிபுரியும் ஒருவர். “சீட்டுதான் வீணாயிற்று” என்றார் நண்பர்.

இங்கேதான் நம் வினா எழுகிறது. முன்கூட்டிக் கொடுத்த வாக்கு மனிதனை எவ்வளவு தூரம் கட்டலாம்?

முன்பதிவு என்பது இன்றைய நான் நாளைய எனக்குக் கொடுக்கும் வாக்கு. அவ்வாக்கில் அறம் இல்லை என்று சொல்வதற்கில்லை. நினைத்தபோது புறப்படுவது செல்வர்க்கு எளிது. விலை எதுவாயினும் அவர்க்குக் கவலையில்லை. குறைந்த வருவாய் உடையவர்க்கு உலகைத் திறந்துவிடும் திறவுகோல் முன்னேற்பாடு ஒன்றே. ஆசையைப் பொறுத்திருந்து, சிறுகச் சேர்த்து, குறித்த நாளில் நிறைவேற்றுவது தன்னடக்கத்தின் ஒரு வடிவமே. அவ்வாறு வாங்கிய சீட்டைச் சிறு சோம்பலுக்கும் மழைத்தூறலுக்கும் கைவிடுவோமாயின், நம் சொல்லை நாமே மதிக்காதவர் ஆவோம்.

ஆனால் கொடுத்த பணம் போனது போனதுதான். பயணம் செய்தாலும் அது திரும்பாது; செய்யாவிட்டாலும் திரும்பாது. தைப்பிங் நிலையத்தில் நண்பர்முன் நின்ற வினா, ‘பணத்தைக் காப்பதா, அத்தையைக் காண்பதா?’ என்பதன்று. ‘இந்த மாலைப்பொழுதை எங்கே செலவிடுவது?’ என்பதே. சீட்டு அவ்வினாவைத் திரித்துக் காட்டிற்று. மலிவான சீட்டின் உண்மை விலை இதுதான்: மாற்ற இயலாதது என்பதாலேயே அது மலிவு, மாற்ற இயலாதது என்பதாலேயே அது கடமையின் எடையையும் குறைத்துக் காட்டுகிறது. அத்தை நலமடைந்ததால் இறங்கியது வீண் என்பார் பிழைபட்டார். விளைவு தெரியாத வேளையில் எது முதன்மையானது என்று கண்டு செய்வதே அறம். பின்னர் வரும் செய்தி அதைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதன்று.

இரண்டாவதாக ஒரு நீதிவினாவும் உண்டு. ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளில் நெடுந்தொலைவு வண்டிகளுக்கு ஒரே விலை இல்லை. முன்னதாக வாங்குவோர்க்குக் குறிப்பிட்ட அளவு மலிவுச் சீட்டுகள். அவை தீரத் தீர விலை ஏறும். பல திங்களுக்கு முன்பே விடுமுறையைத் தீர்மானித்தவர் குறைந்த விலையில் போகிறார். தந்தையின் இறுதிச் சடங்குக்கு விரைபவர் அடுத்த இருக்கையில் பன்மடங்கு கொடுத்து அமர்ந்திருக்கிறார். இருக்கைகள் வெறுமையாக ஓடாதிருக்க இம்முறை உதவுகிறது. ஏழை மாணவனும் எல்லை கடக்க வழி செய்கிறது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் சாவுக்கும் நோய்க்கும் முன்பதிவு உண்டோ? முன்னறிந்தவனுக்குப் பரிசு கொடுப்பது முறை. அறிய இயலாதவனைத் தண்டிப்பது முறையாகுமா? இதே ஐரோப்பாவில் 1972-இல் 21 வயதுக்குட்பட்டோர்க்காக ஒரு பொதுச்சீட்டு வந்தது. ஒரு திங்கள் முழுவதும் 21 நாடுகளில் விரும்பிய வண்டியில் அவர்கள் ஏறலாம். திட்டமிடாதவர்க்கும் மலிவு எட்டக்கூடும் என்று அது காட்டியது. ஆகவே இது வகுப்பவர் மனத்தைப் பொறுத்த செய்தியே அன்றி இயற்கையின் கட்டளை அன்று.

மலேசியத் தமிழராகிய நமக்கு இவ்வினா வேறொரு வகையிலும் நெருக்கமானது. கங்காணி முறையின் தொடக்க நாள்களில் நம் முன்னோர்க்குக் கப்பல் செலவு முன்பணமாகத் தரப்பட்டு, பின்னர் கூலியில் பிடித்துக்கொள்ளப்பட்டது. அவர்களும் முன்னதாகக் கட்டுண்டவர்களே. ஆனால் முடிச்சைப் போட்டவர் பிறர். நண்பர் பேங்காக் செல்ல வாங்கிய சீட்டின் வழியிலேதான் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். நல்ல கூலி, குறுகிய கால வேலை என்ற சொல்லை நம்பிச் சென்றோர் பலர். வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோர் பலர். பான் போங்கின் அருகே பிரிந்து பர்மா நோக்கி 415 கிலோமீட்டர் நீளும் சயாம் மரண இரயில் பாதையில் அவர்கள் மடிந்தார்கள். திரும்பி வரும் நாளைக் குறிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. நாமோ போகும் நாளையும் மீளும் நாளையும் நாமே குறிக்கிறோம். வேண்டுமானால் நடுவழியில் இறங்கவும் செய்கிறோம். அவ்வுரிமை எத்துணை அரியது என்பதை அறிந்தவன், ஒரு சீட்டுக்காக அதனை அடகு வைக்கமாட்டான்.

அவ்வாறாயின் திட்டமிடாதிருப்பதே நன்றோ? அன்று. நெகிழ்ச்சிக்கும் சேர்த்துத் திட்டமிடுவதே நன்று. கிடைத்தற்கரிய இரவுப் படுக்கைகளை முதலில் வாங்குக. எளிதில் கிடைக்கும் பகல்வண்டிச் சீட்டுகளைப் பின்னர் வாங்கலாம். தனித்தனியே வாங்கிய சீட்டுகளுக்கு ஒன்றின் தாமதத்தை மற்றொன்று பொறுக்காது. எனவே எல்லையிலும் பெருநகரிலும் ஓர் இரவு இடைவெளி விடுக. எல்லாவற்றிற்கும் மேலாக, வாங்கும்போதே ‘இத்தொகையை இழக்க நேர்ந்தால் இழப்பேன்’ என்று மனத்துள் கணக்கெழுதி விடுக. அவ்வாறு எழுதி விட்டவனைச் சீட்டு ஆளாது. அவனே சீட்டை ஆள்வான்.

அடுத்த ஆண்டு விடுமுறைக்கு நண்பர் மீண்டும் சீட்டுகள் வாங்கிவிட்டார். இம்முறை அவர் குறிப்பேட்டில் ஒரு மாற்றம். கோலாலம்பூருக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே, முன்பு வெறும் நிலையமாக மட்டும் எழுதப்பட்டிருந்த தைப்பிங்கில், ‘அத்தை வீடு: ஓரிரவு’ என்று எழுதியிருக்கிறார்.