ஒற்றியூர்க் கரையில் உத்தராயணம்

ஒரு தை வெள்ளிக்கிழமை. திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு வெளியே வருகிறேன். ராயபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சாமி, டிசம்பர் 22-லேயே சூரியன் வடக்கே திரும்பிடுதுன்னு பேத்தியோட பாடப் புத்தகத்துல போட்டிருக்காம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் தை முதல் தேதிதான் உத்தராயணம்னு அவங்க அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணினார். அதெல்லாம் தப்பான நாள்லயா பண்ணினோம்? போய்ச் சேராமப் போயிருக்குமா?"

கண் கலங்கியிருந்தது. இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியுமா, சொல்லுங்கள்!

முதலில் ஒன்று. பேத்தியின் புத்தகம் சொல்வது சரி. "புத்தகம் தப்பு" என்று குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

பூமி சுமார் இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. டார்ச் விளக்கை நேராகத் தரையில் அடித்தால் வெளிச்சம் பளிச்சென்று ஓரிடத்தில் விழும். சாய்த்து அடித்தால் பரந்து மங்கிவிடும் அல்லவா? வெயிலும் அப்படித்தான். சூரியன் நமக்குக் கிட்டே வருவதால் கோடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை என்ன தெரியுமா? சூரியனுக்கு நாம் மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்! மார்கழிப் பனியில் கோலம் போடும்போதுதான் ஆதவன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறான்.

இந்தச் சாய்வால் வரும் நான்கு நாட்களை நம் மாதக் கணக்கிலேயே நினைவில் வைத்துக்கொள்ளலாம். மார்கழி, பங்குனி, ஆனி, புரட்டாசி. நான்கிலும் ஏறக்குறைய 6, 7-ம் தேதி. மார்கழியில் பகல் மிகக் குறைவு, ஆனியில் மிக அதிகம். மற்ற இரண்டிலும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் நமக்கு அது உறைப்பதில்லை.

அப்படியானால் தை முதல் தேதி?

பூமி பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் சூரியன் திரும்பும் நாள், நட்சத்திரக் கணக்கிலிருந்து சுமார் 71 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில்தான் இருந்தன. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை விடவில்லை. ஒற்றியூர்க் கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 லிங்கங்களைக் கும்பிட்டிருப்பீர்களே, அந்த நட்சத்திரங்களைத்தான் சொல்கிறேன். பருவத்தை ஒட்டிய தேசிய நாட்காட்டியை அரசாங்கம் 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆனாலும் நம் கோயில்களும் வீடுகளும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டன.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "தர்ப்பணம் செய்தது மகர சங்கிரமணத்துக்கு. சூரியன் மகர ராசியில் நுழைவது நம் கணக்கில் இன்றும் தை பிறப்பில்தான். சங்கல்பத்தில் 'உத்தராயணே' என்று சொன்னதும் பொய்யில்லை. அன்றைக்குச் சூரியன் வடக்கு நோக்கிக் கிளம்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். அவர் விட்ட எள்ளும் தண்ணீரும் எங்கும் வழி தவறிப் போகவில்லை, தாயே."

ஆனியின் கடைசி மூன்று வாரங்களில் மட்டும் கணக்கு உதைக்கத்தான் செய்கிறது. சூரியன் தெற்கே திரும்பிய பிறகும் அப்போது உத்தராயணம் என்றே சொல்கிறோம். மறைப்பானேன்?

பருவத்தை மனிதன் ஏட்டைப் பார்த்துத்தான் அறிகிறான் என்றும் இல்லை. இதே ஒற்றியூரில் மகிழ மரத்தடியில், "உன்னைப் பிரியேன்" என்று சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார் சுந்தரர். மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை நடப்பது அதை நினைத்துத்தான். அவருடைய மனத்தைக் கலைத்தது எது? தென்றல்! அது வீசியதும் ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் போயின. இடக் கண் காஞ்சியிலும் வலக் கண் ஆரூரிலும் திரும்பக் கிடைத்தன என்பது பெரிய புராணம். ஒரு காற்றுக்கு இத்தனை வலிமை!

காசிமேட்டு மீனவர்களுக்கும் காற்றும் நீரோட்டமும்தான் பஞ்சாங்கம். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நமக்குச் சித்திரை பிறக்கும்போது அவர்களுக்கு ஓய்வு பிறக்கிறது.

அந்தச் சித்திரையில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஏப்ரல் 24, 25 வாக்கில் பகல் 12 மணி 7 நிமிட அளவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்பான். செங்குத்தாக நிற்கும் கம்பத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஆவணி பிறந்ததும் இன்னொரு முறை. உச்சிக்கு வந்த பிறகும் கத்திரி வெயில் ஏன் மே மாதத்தில் வாட்டுகிறது? தோசைக்கல் அடுப்பு ஏற்றிய உடனேயா காய்கிறது? போதாக்குறைக்கு மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, கடற்காற்றை ஊருக்குள் சீக்கிரம் விடாது.

"இதையெல்லாம் பேத்திக்கு எப்படிச் சாமி காட்டுவேன்?" என்றார் அம்மா.

பட்டினத்தார் சமாதிக்கு அருகில் கடற்கரை இருக்கிறது. மார்கழியில் ஒரு நாள் விடியலில் நின்று பாருங்கள். கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே, காசிமேட்டுப் பக்கம் தள்ளிச் சூரியன் எழுவான். ஆனியில் அதே அளவு எண்ணூர்ப் பக்கம் தள்ளி. பங்குனி 7-ல் காலை ஆறே காலுக்குள் நேர் கிழக்கில்.

"பங்குனிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்று விரல்விட்டு எண்ணியவர், "அவ அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணுமே, அதான் கவலை" என்று சிரித்தபடி பிரசாதப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.